ஒண்டாச்சி: தஞ்சாவூரில் தொடங்கிக் கேப்டவுனில் கிடைத்த ஒரு பெயர்

தென்னாப்பிரிக்காவின் கேப்டவுன் நகரத்து ஆவணக்காப்பகத்தில், டச்சு மொழியில் எழுதப்பட்ட உயில்கள், சொத்துப் பட்டியல்கள், ஏலக் கணக்குகள் ஆகியவற்றின் நடுவே, 1728க்கும் 1737க்கும் இடைப்பட்ட காலத்தில் இலங்கையிலிருந்து கப்பலேறிய கடிதங்களின் கட்டு ஒன்று இருக்கிறது. அவற்றுள் டச்சிலும் சிங்களத்திலும் எழுதப்பட்டவை உண்டு. தமிழில் எழுதப்பட்டவையும் உண்டு. அக்காலத் தமிழ்க் கையெழுத்தில் சொல்லுக்கும் சொல்லுக்கும் நடுவே இடம் விடும் வழக்கம் இல்லை, மெய்யெழுத்தின் தலையில் புள்ளி வைப்பது அரிது, குறில் ஒகரமும் நெடில் ஓகாரமும் ஒரே வடிவில் நிற்கும், துணைக்காலுக்கும் ரகரத்துக்கும் வேறுபாடு தெரியாது என்பதால், வீட்டுச் செய்தியையும் கொடுக்கல் வாங்கலையும் சொல்லும் எளிய வரியைக்கூட வாய்விட்டுப் படித்துப் பார்த்தே பிரிக்க வேண்டியிருக்கும். இக்கடிதங்கள் தேடிச் சென்ற மனிதர் நிக்கோலாஸ் ஒண்டாச்சி. கொழும்புச் செட்டிச் சமூகத்தவரான அவரை 1727இல் டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி கேப் எனப்படும் நன்னம்பிக்கை முனைக்கு நாடுகடத்தியது. அவர் ஊர் திரும்பாமல் அங்கேயே இறந்தார்.

அதே குடும்பப் பெயரைக் கொண்ட மைக்கேல் ஒண்டாச்சி 1992இல் புக்கர் பரிசு பெற்றபோது, அந்தப் பெயர் உலகெங்கும் புத்தகக் கடைகளின் முகப்பில் இடம்பெற்றது. லண்டன் தேசிய உருவப்பட அருங்காட்சியகத்தின் ஒரு பகுதிக்கும், பிரிட்டனின் ராயல் இலக்கியக் கழகம் ஆண்டுதோறும் வழங்கும் ஒரு பரிசுக்கும் அவருடைய அண்ணன் கிறிஸ்டோபரின் வழியாக இதே பெயர் சூட்டப்பட்டுள்ளது. நாடுகடத்தப்பட்ட செட்டியையும் கனடாவில் குடியேறிய நாவலாசிரியரையும் இணைக்கும் நூல், பத்துப் பன்னிரண்டு எழுத்துவடிவங்களில் கிடந்து அலைக்கழிந்த ஒற்றைச் சொல்தான். வம்சாவளி தேடும் ஆர்வம், டிஎன்ஏ பரிசோதனைப் பெட்டிகளும் இணையத் தேடலும் வந்த பிறகு, பரம்பரைப் பெயர் என்ற வழக்கமே பெரிதும் இல்லாத தமிழ்க் குடும்பங்களுக்குள்ளும் நுழைந்திருக்கும் இந்நாளில், ஓர் அரிய பெயரைப் பின்தொடர்ந்தால் எவ்வளவு தூரம் செல்லலாம், எந்த இடத்தில் வழி அடைபடும் என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு தமிழ் நிலத்தோடு தொடர்புடையதாக வேறொன்று கிடைப்பது அரிது.

அரிய பெயரின் அனுகூலம்

இலங்கையின் கடலோரத்தில் பெரேரா, பெர்னாண்டோ, டி சில்வா போன்ற பெயர்கள் பெருகியதற்குக் காரணம் போர்த்துக்கேயர் காலத்து ஞானஸ்நானம். மதம் மாறியவர்கள் ஞானத்தந்தையின் பெயரையோ அதிகாரி ஒருவரின் பெயரையோ ஏற்றுக்கொண்டதால், ஒரே பெயருடைய இரு குடும்பங்களுக்கு நடுவே இரத்த உறவு இருந்தாக வேண்டும் என்பதில்லை. அத்தகைய பெயரைப் பதிவேட்டில் தேடுபவருக்கு ஆயிரம் வரிகள் கிடைக்கும், அவற்றுள் ஒன்றுகூடத் தன்னுடையது என்று உறுதி சொல்ல முடியாது. அரிய பெயரின் நிலை இதற்கு நேர்மாறானது. ஒண்டாச்சி என்ற பெயர் தட்டுப்படும் இடங்கள் குறைவு, ஆனால் தட்டுப்படும் ஒவ்வொரு இடமும் ஒரே குடும்பத்தின் கிளையைக் காட்டுகிறது என்று கொள்வதற்கான நியாயம் மிக வலுவானது.

அரிய பெயரைத் தேடுபவரின் உண்மையான எதிரி எழுத்துக்கூட்டல்தான். கொழும்பில் அமர்ந்திருந்த டச்சு எழுத்தர் தமிழ்ப் பெயரைக் காதால் கேட்டுத் தம் மொழியின் ஒலிக்கு ஏற்ப எழுதினார். அதன் கடைசி அசை, தற்செயலாக, டச்சில் சிறுமையையோ செல்லத்தையோ குறிக்கும் விகுதியின் உருவத்தில் வந்து அமர்ந்தது. ஆங்கிலேயர் காலத்து எழுத்தர் அதை வேறு விதமாகப் படித்தார். பெயரை எழுதியபடியே தேடாமல், அது எப்படியெல்லாம் காதில் விழுந்திருக்கும் என்று பட்டியலிட்டுத் தேடுவதே இத்துறையின் முதல் பாடமாகக் கருதப்படுகிறது.

பெட்டிச் செய்தி: ஒய் குரோமோசோம் சொல்வது

தந்தையிடமிருந்து மகனுக்கு மட்டுமே செல்லும் மரபணுப் பொதி ஒய் குரோமோசோம் எனப்படும். குடும்பப் பெயரும் தந்தைவழியே செல்லும் நாடுகளில் இரண்டும் ஒத்துப்போகின்றனவா என்பதை இங்கிலாந்தின் லெஸ்டர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 40 பிரிட்டிஷ் குடும்பப் பெயர்களைக் கொண்ட 1,678 ஆண்களிடம் சோதித்து 2009இல் முடிவுகளை வெளியிட்டனர். பெயர் அரிதாக இருக்க இருக்க, அதைச் சுமப்பவர்கள் ஒரே மூதாதையின் வழியினராக இருக்கும் வாய்ப்பு கூடியது. ஸ்மித் போன்ற பொதுப் பெயரில் அத்தகைய ஒற்றுமை இல்லை. அதற்கு முன் 2007இல் வெளியான மற்றோர் ஆய்வில், யார்க்‌ஷயர் பகுதியின் அரிய பெயர் ஒன்றைக் கொண்ட 18 ஆண்களுள் 7 பேரிடம் மேற்கு ஆப்பிரிக்காவுக்கு உரிய ஒய் மரபுவழி காணப்பட்டது. தங்களைத் தலைமுறை தலைமுறையாக வெள்ளை ஆங்கிலேயர் என்று மட்டுமே அறிந்திருந்த குடும்பங்கள் அவை.

1600ஆ, 1659ஆ?

மைக்கேல் ஒண்டாச்சி 1982இல் வெளியிட்ட, ‘ரன்னிங் இன் த ஃபேமிலி’ என்ற குடும்ப நினைவு நூலில், முதல் மூதாதை 1600இல் இலங்கைக்கு வந்த மருத்துவர் என்றும், ஆளுநரின் மகளை மூலிகையால் குணப்படுத்தி நிலமும் அயல்நாட்டு மனைவியும் டச்சு வடிவிலான புதிய பெயரும் பரிசாகப் பெற்றவர் என்றும் வருகிறது. வம்சாவளிக் குறிப்புகளில் வழங்கும் செய்தி சற்று வேறு: தஞ்சாவூரைச் சேர்ந்த மருத்துவரான மைக்கேல் யூரி ஒண்டாச்சி 1659இல் கொழும்புக்கு அழைக்கப்பட்டு ஆளுநர் ஆட்ரியான் வான் டெர் மேய்டனின் மனைவிக்குச் சிகிச்சை அளித்தார் என்று அவை கூறுகின்றன. இரண்டில் எது பொருந்தும் என்று பார்ப்பதற்குப் பெரிய ஆராய்ச்சி தேவையில்லை, காலவரிசை போதும். டச்சுக்காரரின் முதல் தூதுக் கப்பல் மட்டக்களப்பை அடைந்ததே 1602இல்தான். கொழும்பு அவர்கள் கைக்கு வந்தது 1656 மே மாதம். யாழ்ப்பாணமும் எதிர்க்கரையில் தஞ்சாவூரின் வாயிலான நாகப்பட்டினமும் வீழ்ந்தது 1658. எனவே 1600இல் டச்சு ஆளுநரும் இல்லை, அவருடைய மகளும் இல்லை. 1659இலோ நாகப்பட்டினத்திலிருந்து கொழும்பு வரையிலான கடல்வழி முழுவதும் ஒரே கம்பெனியின் ஆதிக்கத்தில் இருந்தது, வான் டெர் மேய்டனும் பதவியில் இருந்தார்.

இதனால் நாவலாசிரியரின் நூல் பொய் என்று ஆகிவிடாது. அவர் எழுதியது வீட்டில் வழங்கிய கதை. வீட்டுக்கதை ஆண்டை முழு எண்ணாக்கும், மனைவியை மகளாக்கும், ஆனால் மருத்துவர், ஆளுநர் வீடு, வெகுமதி, புதுப்பெயர் என்ற நான்கு முளைகளையும் விடாமல் பிடித்துக்கொள்ளும். குடும்பக் கதையை முற்றாகத் தள்ளுபவரும் முற்றாக நம்புபவரும் ஒரே அளவுக்கு ஏமாறுவதை வம்சாவளி ஆய்வு திரும்பத் திரும்பக் காட்டியிருக்கிறது. கதையில் உள்ள ஆண்டை ஐயத்துடனும், கதையின் உறவுமுறையை ஓரளவு நம்பிக்கையுடனும், கதையில் வரும் தொழிலை மிகுந்த கவனத்துடனும் அணுகுவது பயனளிக்கும். மருத்துவம் இக்குடும்பத்தில் நிலைத்திருந்தது என்பதற்குப் பிற்காலச் சான்றும் உண்டு. 19ஆம் நூற்றாண்டில் இலங்கைத் தாவரங்களைப் பற்றி எழுதிய வில்லியம் சார்ல்ஸ் ஒண்டாச்சியும் மருத்துவரே.

தோம்பு, பதிவேடு, கல்

டச்சு இலங்கையில் ஒரு பெயர் காகிதத்தில் ஏறுவதற்கு மூன்று வாசல்கள் இருந்தன. முதலாவது தோம்பு. போர்த்துக்கேயரிடமிருந்து வந்து தமிழிலும் சிங்களத்திலும் நிலைத்துவிட்ட இச்சொல், குடிகளையும் நிலங்களையும் பதியும் ஏட்டைக் குறிக்கும். தலைத்தோம்பில் குடும்பத் தலைவர், மனைவி, பிள்ளைகள், அவர்களுடைய வயது, கம்பெனிக்குச் செய்ய வேண்டிய ஊழியம் ஆகியவை இருக்கும். நிலத்தோம்பில் வயலும் தோட்டமும் அவற்றில் நின்ற தென்னை, கமுகு, பலா ஆகியவற்றின் எண்ணிக்கையும் இருக்கும். இரண்டாவது வாசல் பள்ளித்தோம்பு. ஊர்ப் பள்ளி ஆசிரியரே ஞானஸ்நானத்தையும் திருமணத்தையும் பதிந்ததால் இப்பெயர் வந்தது. சீர்திருத்தத் திருச்சபையில் சேராதவருக்குக் கம்பெனியில் பதவி கிடைப்பது கடினமாக இருந்ததால், இப்பதிவேடுகளில் பக்தியும் பிழைப்பும் எந்த விகிதத்தில் கலந்திருந்தன என்பதை எவராலும் பிரித்துச் சொல்ல முடியாது.

மூன்றாவது வாசல் கல்லறை. கொழும்பு வுல்வெண்டால் தேவாலயம் 1757இல் வழிபாட்டுக்குத் திறக்கப்பட்டது. அதன் தரையிலும் சுவரிலும் பதிக்கப்பட்ட கற்களை லியோபோல்ட் லூடோவிசி 1877இல் நூலாக்கினார். பென்ரி லூயிஸ் 1913இல் இலங்கை முழுவதிலுமுள்ள கல்லறை வாசகங்களைத் தொகுத்தார். மைக்கேல் ஒண்டாச்சி தம் நூலில் விவரிக்கும் கல், கொழும்புப் புனித தோமையார் ஆலயத்தின் தரையில் உள்ளது. தம் குடும்பப் பெயர் பெரிய எழுத்துகளில் வெட்டப்பட்டிருப்பதைத் தரையில் மண்டியிட்டுப் பார்த்ததையும், அங்கிருந்த பழைய பதிவேடுகளை இராமபாணப் பூச்சி அரித்திருந்ததையும் அவர் எழுதுகிறார். வெப்பமண்டலத்து ஆவணங்களின் கதி இதுதான். ஈரப்பதம் தாளைத் தின்னும், இரும்புச்சத்து கலந்த மை தாளை எரிக்கும், எஞ்சியதைப் பூச்சி பார்த்துக்கொள்ளும். ஆகவே கல்வெட்டை நூலாக்கியவர்கள் செய்த உதவி, அவர்கள் காலத்தில் பொழுதுபோக்காகவே கருதப்பட்டிருந்தாலும், இன்று விலைமதிப்பற்றது.

பெட்டிச் செய்தி: எங்கே என்ன இருக்கிறது

கொழும்பில் உள்ள இலங்கைத் தேசிய ஆவணக்காப்பகத்தில் டச்சுக் காலத்துத் தொகுதிகள் ஏறத்தாழ 7,000 உள்ளன. நெதர்லாந்தின் ஹேக் நகரில் உள்ள கம்பெனி ஆவணங்களை வரிசையாக அடுக்கினால் ஒரு கிலோமீட்டருக்கும் மேல் நீளும். இவற்றோடு ஜகார்த்தா, சென்னை, கேப்டவுன் ஆகிய இடங்களில் உள்ளவற்றையும் சேர்த்து யுனெஸ்கோ 2003இல் உலக நினைவுப் பதிவேட்டில் இடம்பெறச் செய்தது. ஆசியாவிலிருந்து நெதர்லாந்துக்கு அனுப்பப்பட்ட கடிதங்களையும் அறிக்கைகளையும் கையெழுத்தை வாசிக்கும் கணினி நிரல் கொண்டு, ஏறத்தாழ 50 லட்சம் பக்கங்கள் அளவுக்கு, நெதர்லாந்தின் ஹோய்கன்ஸ் நிறுவனத்தின் குளோபலைஸ் திட்டத்தினர் தட்டச்சு வடிவமாக்கியுள்ளனர்.

கடைசியாகச் சொல்லப்பட்ட செய்தியின் விளைவு பெரிது. அண்மைக்காலம் வரை, ஒரு பெயரைத் தேட வேண்டுமானால் அது எந்த ஊர், எந்த ஆண்டு, எந்தத் தொகுதி என்பதை முன்கூட்டியே ஊகித்துக்கொண்டுதான் உள்ளே நுழைய முடியும். இப்போது சொல்லை இட்டால் பக்கம் வருகிறது. அரிய பெயருக்கு இது வரம். ஆனால் கணினி நிரல் டச்சுக் கையெழுத்துக்கே பயிற்றப்பட்டது. கேப்டவுன் கட்டில் உள்ளவை போன்ற தமிழ்க் கடிதங்களுக்கு மனிதக் கண் இன்னும் தேவைப்படுகிறது. லைடன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த தமிழறிஞர் ஹெர்மன் டீக்கன் அக்கடிதங்களைப் படித்து, மொழிபெயர்த்து, 2015இல் டெல்லியில் நூலாக வெளியிட்டது அத்தகைய உழைப்பின் பலன்.

தண்டனை காத்த காகிதம்

நிக்கோலாஸ் கொழும்பிலேயே வாழ்ந்து அங்கேயே இறந்திருந்தால் இக்கடிதங்களுள் ஒன்றும் மிஞ்சியிருக்காது என்பது இந்த வரலாற்றின் கசப்பான முரண். உற்றார் அருகில் இருக்கும் வீட்டில் கடிதத்துக்கு வேலையில்லை. இருந்தாலும் அதை அடுத்த தலைமுறை அடுப்பில் போட்டுவிடும். கேப்பிலோ, சிறு வயது வாரிசுகளை விட்டு இறந்தவர்களின் சொத்தையும், வாரிசு கைக்கெட்டும் தூரத்தில் இல்லாதவர்களின் சொத்தையும் கவனிப்பதற்கென்று அநாதைகள் மன்றம் என்ற அலுவலகம் இயங்கியது. இறந்தவர் வீட்டுக்குச் சென்று சட்டி முதல் சட்டை வரை பட்டியலிடுவதும், ஏலம் விடுவதும், கணக்கு எழுதுவதும் இத்தகைய அலுவலகத்தின் பணி. உரிமை கோர ஆளில்லாத மனிதரின் தனிக்கடிதங்கள் இவ்வாறுதான் அரசுக் காகிதமாகிக் காப்பகம் சேர்கின்றன.

இதிலிருந்து கிடைக்கும் முடிவு, ஒண்டாச்சி குடும்பத்துக்கு மட்டும் உரியதன்று. அரசுக்கு ஒரு மனிதர் தேவைப்பட்டபோது, அல்லது தொல்லையாக இருந்தபோது, அல்லது அவருடைய சொத்தில் அதற்கு அக்கறை இருந்தபோது மட்டுமே அவர் பெயர் எழுதப்பட்டது. நிம்மதியாக வாழ்ந்தவர்கள் ஆவணத்தில் இல்லை. குடும்ப வரலாறு தேடுபவர்கள் பெருமைக்குரிய மூதாதையை நாடித் தொடங்கி, வழக்கிலும் கடனிலும் தண்டனையிலும் சிக்கிய மூதாதையையே பெரும்பாலும் கண்டடைவதற்குக் காரணம் இதுவே.

யூட்ரெக்ட்டின் புரட்சிக்காரர்

அதே குடும்பத்தின் மற்றொரு கிளை, நிக்கோலாஸ் இறந்த அரை நூற்றாண்டுக்குள் ஐரோப்பிய அரசியலில் தலைதூக்கியது. நெதர்லாந்தில் இறையியல் பயின்று இலங்கை திரும்பிய போதகர் வில்லெம் யூரியான் ஒண்டாச்சிக்கும் ஆம்ஸ்டர்டாமைச் சேர்ந்த ஹெர்மினா குவிண்டுக்கும் 1758இல் கொழும்பில் பிறந்த பீட்டர் பிலிப் யூரியான் குவிண்ட் ஒண்டாச்சி, மேற்படிப்புக்காகச் சென்ற யூட்ரெக்ட் நகரில் மாணவராக இருந்தபோதே தேசப்பற்றாளர் கட்சியின் முன்னணித் தலைவரானார். 1780களில் ஆரஞ்சு இளவரசரின் அதிகாரத்துக்கு எதிராக நகரத்தின் ஆயுதந்தாங்கிய குடிமக்களைத் திரட்டினார். 1787இல் பிரஷ்யப் படை நுழைந்தபோது நாட்டைவிட்டு ஓடி, 1795க்குப் பின் புதிய குடியரசில் திரும்பி வந்து, இறுதியில் 1818இல் பட்டாவியாவில் (இன்றைய ஜகார்த்தாவில்) இறந்தார். அவரைப் பற்றிய விரிவான ஆங்கில நூல் 1870இல் யூட்ரெக்ட்டில் வெளியானது.

அவருடைய முழுப்பெயரே ஒரு சிறு வம்சாவளி. தஞ்சை மருத்துவரின் யூரி, யூரியான் என்று உருமாறி நூறாண்டுக்குப் பின்னும் நடுப்பெயராகத் தொடர்கிறது. குவிண்ட் என்பது தாயின் குடும்பப் பெயர். தாயின் வழி ஆவணத்தில் நிலைத்ததற்குக் காரணம் அவர் ஆம்ஸ்டர்டாம்காரர் என்பதுதான். இக்குடும்பத்துக்கு மணமாகி வந்த கொழும்புப் பெண்களின் குடும்பப் பெயர் எவருக்கும் நடுப்பெயராக வாய்த்ததாகத் தெரியவில்லை.

அதே கடல், அதே ஆண்டு

மருத்துவர் கொழும்புக்கு வந்ததாகச் சொல்லப்படும் 1659ஆம் ஆண்டைத் தஞ்சாவூரின் பக்கத்திலிருந்து பார்த்தால் காட்சி முற்றிலும் மாறிவிடுகிறது. விஜயராகவ நாயக்கரின் ஆட்சிக்காலம் அது. பீஜப்பூர்ப் படைகளின் படையெடுப்பும் மழை பொய்த்ததால் வந்த பஞ்சமும் காவிரிப் பகுதியைச் சூறையாடிக்கொண்டிருந்தன. வயிற்றுக்கு வழியின்றித் தம்மையும் பிள்ளைகளையும் விற்றுக்கொண்டவர்களை நாகப்பட்டினத்திலும் பிற துறைகளிலும் டச்சுக் கம்பெனி வாங்கிக் கப்பலேற்றியது. அடுத்த ஓரிரு ஆண்டுகளில் ஆயிரக்கணக்கானோர் அடிமைகளாக இலங்கைக்கும் பட்டாவியாவுக்கும் மலாக்காவுக்கும் கொண்டு செல்லப்பட்டனர். மரியாதையோடு அழைத்துவரப்பட்ட மருத்துவரும், தலைக்கணக்காக ஏற்றப்பட்ட உழவர்களும் கடந்தது ஒரே கடல்.

அந்த உழவர்களின் வம்சாவளியை இன்று எவரும் தேட முடியாது, ஏனெனில் தேடுவதற்குப் பெயர் இல்லை. அடிமையாகச் சென்றவருக்கு எசமான் வைத்த ஒற்றைப் பெயரும் அதன் பின்னால் ஓர் ஊரோ கரையோ மட்டுமே ஆவணத்தில் இருக்கும். கேப்பின் பதிவேடுகளில் ‘கோரமண்டலக்காரன்’, ‘மலபார்க்காரி’, ‘இலங்கையன்’ என்ற பொருள்படும் அடைமொழிகளோடு வரும் எண்ணற்ற மனிதர்களுள் எத்தனை பேர் காவிரிக் கரையிலிருந்து சென்றவர்கள் என்பதைப் பிரிக்க வழியில்லை. ஒண்டாச்சி என்ற பெயர் மூன்று கண்டங்களில் துலங்குவதைச் சொல்லும் கட்டுரைகள் பலவும் இந்தப் பக்கத்தைத் தொடாமல் கடந்துவிடுவது குறையே. அரிய பெயர் நிலைத்தது அரிய திறமையால் மட்டுமன்று, அதை எழுதிவைக்க ஓர் அதிகாரம் முன்வந்ததாலும்தான்.

யார் பர்கர்?

ஆங்கிலேயர் காலத்தில், தந்தைவழி மூதாதை ஐரோப்பியராக இருந்தால், எத்தனை தலைமுறை கடந்தாலும், மணமான தாய் எந்த இனத்தவராயினும் அவருடைய சந்ததியார் பர்கர் ஆவர் என்று தலைமை நீதிபதி ரிச்சர்ட் ஓட்லி, கோல்புரூக் விசாரணைக் குழுவின் முன் விளக்கமளித்தார். பர்கர் என்பது இலங்கையில் ஐரோப்பிய வழித்தோன்றல்களைக் குறிக்கும் சமூகப் பெயர். இந்த அளவுகோலை அப்படியே வைத்துப் பார்த்தால், தந்தைவழியில் தஞ்சாவூர் மருத்துவரிடம் போய் முடியும் ஒண்டாச்சி குடும்பம் பர்கர் ஆகாது. ஆனால் மணவுறவும் மொழியும் திருச்சபையும் பழக்கவழக்கமும் சேர்ந்து, அவர்களுள் பலரைப் பர்கர் உலகத்தின் உறுப்பினராகவே இலங்கை அறிந்திருக்கிறது.

1908இல் கொழும்பில் தொடங்கப்பட்ட டச்சு பர்கர் சங்கம் தன் இதழில் பல குடும்பங்களின் வம்சாவளியை அச்சிட்டது. இலங்கையில் குடும்ப வரலாறு தேடுவோர் இன்றும் முதலில் புரட்டுவது அவ்விதழைத்தான். ஐரோப்பியத் தந்தைவழியை நிறுவுவதே உறுப்பினராவதற்கான தகுதியாக இருந்த ஓர் அமைப்பு வெளியிட்ட மரங்களில், கிளைகள் எந்தத் திசையில் வெட்டிச் சீராக்கப்பட்டிருக்கும் என்பதைப் படிப்பவர் மறக்கலாகாது. ஐரோப்பியப் பெயருடைய மனைவிக்குத் தந்தை பெயரும் பிறந்த நாளும் தரப்படும் அதே பக்கத்தில், உள்ளூர் மனைவி ஞானஸ்நானப் பெயரோடு நின்றுவிடுவதும், சில வேளை முற்றாகவே விடுபடுவதும் உண்டு. மறுபக்கம், கொழும்புச் செட்டிகள் தமிழர் என்ற பெருந்தலைப்பின் கீழ்ப் போவதா, தனித்து நிற்பதா என்ற கேள்வியும் நீண்ட காலம் தொடர்ந்தது. ‘தமிழ் புளூட்டாக்’ நூலை 1859இல் எழுதிய சைமன் காசிச்செட்டி போன்ற தமிழ்ப் புலமையாளரைத் தந்த அச்சமூகம், 2001ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டில் ‘இலங்கைச் செட்டி’ என்று தனி இனமாகக் கணக்கிடப்பட்டது. ஆக, ஒரே மூதாதையின் வழிவந்தவர்கள் பர்கர், செட்டி, தமிழர், சிங்களவர் என நான்கு பத்திகளில் எண்ணப்படலாம், நான்கும் தவறாகாது.

வம்சாவளி சட்டமானபோது

மூதாதை யார் என்ற கேள்வி பலருக்கு ஓய்வுநேர ஆர்வம்; இலங்கையின் மலையகத் தமிழருக்கு அது வாழ்வா சாவா என்ற கேள்வியாக்கப்பட்டது. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டத்தின்படி, அதற்கு முன் இலங்கையில் பிறந்த ஒருவர் வம்சாவளிக் குடிமகனாவதற்குத் தம் தந்தை இலங்கையில் பிறந்தவர் என்றோ, தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும் அங்கே பிறந்தவர்கள் என்றோ காட்ட வேண்டியிருந்தது. திருச்சியிலிருந்தும் புதுக்கோட்டையிலிருந்தும் சேலத்திலிருந்தும் கங்காணிமார் அழைத்துவந்த தோட்டத் தொழிலாளரிடம், லயம் என்ற வரிசைக் குடியிருப்பில் பிறந்த தந்தைக்குப் பிறப்புப் பதிவு எங்கே இருக்கும்? ஏறத்தாழ 7 லட்சம் பேர் நாடற்றவராயினர். 1964இல் இந்தியாவும் இலங்கையும் செய்த உடன்படிக்கை 9,75,000 பேரைத் தலைக்கணக்காகப் பிரித்து, 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் ஒதுக்கி, மீதமிருந்த 1,50,000 பேரைப் பிற்பாடு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவைத்தது. இலங்கையில் எஞ்சியிருந்த நாடற்றவருக்குக் குடியுரிமை வழங்கும் சட்டம் 2003இல்தான் நிறைவேறியது.

1948ஆம் ஆண்டுச் சட்டத்தின் தடம் இலங்கைப் பிறப்புச் சான்றிதழிலும் பதிந்தது. நீண்ட காலம் வழக்கிலிருந்த படிவத்தில், குழந்தையின் பெற்றோர் விவரத்துக்குக் கீழே, பாட்டன் இலங்கையில் பிறந்தவராயின் அவருடைய பெயர், பிறந்த ஆண்டு, இடம் ஆகியவற்றைக் கேட்கும் ஒரு பத்தியும், தந்தை இலங்கையில் பிறக்காதவராயின் பூட்டனைப் பற்றிக் கேட்கும் மற்றொரு பத்தியும் இருந்தன. குடிமக்களை விலக்குவதற்காக வந்த கேள்விகள், நான்கு தலைமுறையை ஒரே தாளில் சேர்த்துவைத்துவிட்டன. வம்சாவளி தேடுபவருக்கு இவ்வளவு வசதியான பிறப்புச் சான்றிதழ் பல நாடுகளில் கிடையாது.

புதிதாகப் பிறக்கும் அரிய பெயர்கள்

தமிழரிடம் தந்தையின் பெயர் முதலெழுத்தாக நிற்கும், அடுத்த தலைமுறையில் மாறிவிடும். பட்டப்பெயராகச் சாதிப் பெயரை இடும் வழக்கத்தையும், 1929இல் செங்கல்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடு கைவிடச் சொன்ன பின்பு, தமிழ்நாட்டில் பெரும்பாலோர் விட்டனர். சமத்துவ நோக்கில் இது பெரும் பேறு. ஆனால் கனடாவிலோ ஜெர்மனியிலோ குடியேற்றப் படிவத்தில் ‘குடும்பப் பெயர்’ என்ற கட்டம் காலியாக இருக்க முடியாது என்பதால், அங்கே சென்ற தமிழர் தந்தையின் பெயரை அதில் நிரப்பினர். அந்தப் பெயர் அத்தோடு உறைந்து பரம்பரைப் பெயராகிறது.

கந்தசாமி என்பவரின் இரு மகன்கள் வெவ்வேறு நாடுகளில் குடியேறியதாகக் கொண்டால் சிக்கல் விளங்கும். மூத்தவர் தம் பிள்ளைகளுக்கும் கந்தசாமி என்பதையே குடும்பப் பெயராகத் தருகிறார். இளையவர் ஊர் வழக்கப்படி தம் சொந்தப் பெயரைப் பிள்ளைகளுக்குப் பின்பெயராக்குகிறார். ஒரே பாட்டனின் பேரப்பிள்ளைகள் இப்போது ஆவணத்தில் அந்நியர். போதாக்குறைக்கு, ‘ந்த’ என்ற ஒலியை ரோமன் எழுத்தில் இந்தியத் தமிழர் ஒரு விதமாகவும் இலங்கைத் தமிழர் வேறு விதமாகவும் எழுதுவதால், கொழும்பு டச்சு எழுத்தர் செய்த வேலையைக் குடும்பத்தாரே செய்து முடிக்கின்றனர். கந்தசாமி ஊரில் பொதுப் பெயர். ஆனால் ஒரு நார்வே நகரத்தில் அதே எழுத்துக்கூட்டலோடு ஒரே குடும்பம்தான் இருக்கும். அங்கே அது அரிய பெயர்.

அத்தகைய குடும்பத்தின் வரலாற்றை எதிர்காலத்தில் தேடப் போகிறவருக்குப் பாட்டன் பெயரைத் தாங்கிய இலங்கைப் பிறப்புச் சான்றிதழ் கைகொடுக்கும். பாட்டிமாருக்கு அதில் பத்தி இல்லை. அவர்களைத் தேட வேண்டிய இடம் யாழ்ப்பாணத்துச் செய்தித்தாள்களில் வரும் மரண அறிவித்தல்தான். இன்ன ஊரைப் பிறப்பிடமாகவும் இன்ன நாட்டை வதிவிடமாகவும் கொண்டவர் என்று தொடங்கி, இன்னாரின் மகள், இன்னாரின் மருமகள், இன்னாரின் மனைவி, இன்னின்ன நாடுகளில் உள்ள இன்னின்னாரின் தாய், மாமி, சகோதரி, மைத்துனி, பாட்டி, பூட்டி என்று எல்லாத் திசையிலும் உறவை அடைப்புக்குறிக்குள் நாட்டின் பெயரோடு வரிசைப்படுத்தும் இந்த அறிவித்தல்களை, வேறெந்தப் பதிவேடும் பெண்ணுக்குத் தராத அளவு இடம் தருபவையாக இருந்தும், முறையாகத் திரட்டி அட்டவணைப்படுத்துவது இன்னும் எவருடைய அலுவலகப் பணியாகவும் ஆகவில்லை.